செவ்வரத்தையைக் கொன்றவர்

“நானா, இந்தச் செவ்வரத்தையா? இண்டைக்கு ரண்டிலை ஒண்டு தெரிய வேணும்!”

கமலநாதன் இப்படிக் கத்தியபோது அவருடைய மனைவி துசியந்தி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். முதலில் செவ்வரத்தைச் செடியை. பிறகு அவரை. பிறகு மறுபடியும் செவ்வரத்தையை. அந்த மூன்றாவது பார்வைதான் அவருடைய வயிற்றைப் பற்றியெரிய வைத்தது.

கமலநாதன் லண்டனில் பஸ் ஓட்டுகிறவர். கண்ணாடிக்குப் பின்னால் இருந்துகொண்டு நாள் முழுக்கப் பேச்சு வாங்குகிறவர். பஸ் பிந்தினால் அவருக்குப் பேச்சு. முந்தினாலும் அவருக்குத்தான் பேச்சு. மழை பெய்தாலும் ஏறுகிறவர்கள் அவரைத்தான் முறைப்பார்கள். திருப்பி ஒரு சொல் சொல்ல ஏலாது. தலைக்கு மேல் கேமரா. ஆகவே காலையிலிருந்து வந்த கோபம் முழுவதையும் ஒரு சொட்டுச் சிந்தாமல் சேர்த்து வைத்து, பின்னேரம் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டு வருவார். வீட்டில் கேமரா இல்லை.

வீடு மிச்சம் என்ற புறநகரில். அந்த மிச்சத்து வீட்டில் அவருக்கென்று மிச்சமிருந்தது ஒரேயொரு கதிரை. முன் அறையில், ஜன்னலோரம், ஹீற்றருக்கு முதுகு காட்டி, ரிவிக்கு முகம் காட்டிப் போட்ட கதிரை. அதில் சாய்ந்தால் முதுகெலும்பு மெழுகாக உருகும். பஸ்ஸில் ஏறிய சனமெல்லாம் மறந்துபோகும்.

மற்ற இடமெல்லாம் சட்டிகளுக்குச் சொந்தம். துசியந்தி கோடை முழுக்கப் பின் வளவில் பூச்செடி வளர்ப்பாள். ஐப்பசியில் குளிர் தொடங்கியதும் அத்தனையும் அகதி அந்தஸ்துக் கேட்டு வீட்டுக்குள் வந்துவிடும். குளியலறையில் மல்லிகை. அவர் குளித்தால் மல்லிகையையும் குளிப்பாட்ட வேண்டும். மாடிப்படியில் படிக்கொரு கனகாம்பரம். சாப்பாட்டு மேசையில் நந்தியாவட்டை. அவருடைய சோற்றுக் கோப்பையை வைக்க இடம் கேட்டால், “கையிலை வைச்சுச் சாப்பிடுங்கோவன், கை என்ன சும்மாதானே இருக்கு” என்பாள்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார். அன்றைக்கு வேலையால் வந்து முன் அறைக்குள் போனால், கதிரையைக் காணவில்லை. கதிரை இருந்த இடத்தில் செவ்வரத்தை நின்றது. நெஞ்சளவு உயரம். நெஞ்சிலே ஒரு சிவப்புப் பூ.

கதிரை மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. வீடு கூட்டுகிற மெஷின் இருக்கிற இடம். எதிரே சப்பாத்து வரிசை.

“என்ரை கதிரையை ஆர் உங்கை தள்ளினது?”

“நான்தான். செடிக்கு வெளிச்சம் வேணும் அப்பா. கதிரைக்கு என்னத்துக்கு வெளிச்சம்?”

“கதிரைக்குத் தேவையில்லை. எனக்குத் தேவை!”

“நீங்கள் லைற்றை நிப்பாட்டிப்போட்டுத்தானே ரிவி பாக்கிறனீங்கள்.”

“ஹீற்றர்? அந்த ஹீற்றரை வாங்கிப் பூட்டினது நான்!”

“ஓம். பூட்டின நாளிலையிருந்து நீங்கள்தானே அதுக்குப் பக்கத்திலை இருக்கிறியள். இனி அதுவும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே.”

“அது ஒரு செடி, துசியந்தி! நான் மனுசன்!”

இந்த இடத்தில் துசியந்திக்கும் கோபம் வந்தது. அவளுக்குக் கோபம் வந்தால் சத்தம் கூடாது, குறையும். கமலநாதன் அதற்குத்தான் பயம்.

“காலமையிலையிருந்து சுப்பர்மார்க்கெற்றிலை குளிர்ப்பெட்டியளுக்கு நடுவிலை நிக்கிறன். பாலும் தயிரும் அடுக்கி அடுக்கி விரல் விறைச்சுப்போகுது. வெளியிலை வந்தா அங்கையும் குளிர். வீட்டை வந்தா நீங்கள். நான் ஒரு கதை தொடங்கினா நீங்கள் ரிவிச் சத்தத்தைக் கூட்டுவியள். இந்தச் செடிக்கு ஒரு நாளைக்கு ஒரு செம்பு தண்ணிதான் ஊத்துறன். அது பூக்குது. உங்களுக்கு இருபத்தாறு வருஷமாத் தேத்தண்ணி ஊத்துறன். என்ன பூத்தது?”

கமலநாதன் வழக்கமாகச் செய்வதைச் செய்தார். ரிவிச் சத்தத்தைக் கூட்டினார். படிக்குக் கீழே இருந்து கழுத்தை நீட்டிப் பார்த்தால், செய்தி வாசிக்கிறவரின் முகத்தை ஒரு செவ்வரத்தை இலை மறைத்தது. வாய் மட்டும் தெரிந்தது.

அடுத்த கிழமை வெம்பிளியிலிருந்து துசியந்தியின் தங்கை றஜீனா வந்தாள். வந்தவள் செவ்வரத்தையோடு நின்று படம் எடுத்தாள். இருந்து எடுத்தாள். செடியை மட்டும் தனியாக எடுத்தாள். “அத்தான், கொஞ்சம் அங்காலை போங்கோ, உங்கடை நிழல் விழுது” என்றாள். அந்த நிமிஷம் கமலநாதன் தீர்மானித்தார். இந்தச் செடி உயிரோடு தைப்பொங்கல் காணக் கூடாது.

கத்தி வேண்டாம். நஞ்சு வேண்டாம். லண்டன் இருக்கிறது.

பக்கத்து வீட்டில் கிருஷ்ணமூர்த்தி. கோயம்புத்தூர்க்காரர். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர். எதைக் கேட்டாலும் போனை எடுத்துப் பார்த்துப் பதில் சொல்கிறவர். ஒரு சனிக்கிழமை பின் வளவு வேலியோரம் அவர் நின்றபோது கமலநாதன் மெதுவாகப் போனார்.

“கிருஷ்ணமூர்த்தி, செவ்வரத்தை இந்தக் குளிரைத் தாங்குமோ?”

“எது சார்?”

“செவ்வரத்தை. சிவப்பாப் பூக்கும்.”

“ஓ, செம்பருத்தியா! சுத்தமா தாங்காது சார். ஒரு ராத்திரி ஃப்ராஸ்ட் அடிச்சா போதும், க்ளோஸ்.”

“ஒரே ராத்திரியிலையோ?” கமலநாதனின் முகம் மலர்ந்தது. அந்த வீட்டில் அவரும் ஒருமுறை பூத்தார் என்றால் அப்போதுதான்.

“ஏன் சார் கேக்கறீங்க?”

“எனக்குத் தெரிஞ்ச ஒராள். அவரின்ரை மனுசி வளர்க்கிறா.”

“பாவம் சார் அவர்.”

“ஓம், நல்ல மனுசன்” என்றார் கமலநாதன்.

வாய்ப்பும் தானாக வந்தது. றஜீனாவின் மகளுக்குக் கலியாண எழுத்து, அதாவது பதிவு. பலகாரம் சுடத் துசியந்தி வெம்பிளிக்குப் போய் இரண்டு இரவு தங்க வேண்டும். வழக்கமாக இப்படி அவள் போவதென்றால் கமலநாதன் குதிப்பார். ஆர் சமைக்கிறது, காரைக் கொண்டுபோனால் நான் எப்படி வேலைக்குப் போறது என்று ஒரு கிழமைக்கு வீடு அதிரும். இந்த முறை வாயெல்லாம் தேன்.

“நீ ஆறுதலாப் போட்டு வா அப்பா. காரையும் கொண்டு போ. குளிருக்கை பஸ்ஸிலை இடிபடாதை.”

துசியந்தி கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

“செடியளுக்குத் தண்ணி?”

“நான் ஊத்துறன்.”

“நீங்களோ?”

“ஏன், நான் ஊத்தினா தண்ணி நனைக்காதோ?”

அன்றிரவு அவர் அவளுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். சீனி எந்த டப்பாவில் என்று தெரியாமல் உப்பைப் போட்டார். அவள் அதையும் குடித்தாள். மறுநாள் அவள் வேலைக் கதை சொன்னபோது ரிவியை நிறுத்திவிட்டுக் கேட்டார். தயிர்ப் பெட்டி விழுந்த கதை. “பேந்து என்ன நடந்தது?” என்றுகூடக் கேட்டார். துசியந்தி கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு அவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை அவர் ஷிப்டுக்குப் போய், பின்னேரம் திரும்பி வந்தபோது அவள் புறப்பட்டு நின்றாள். செவ்வரத்தையை மேலிருந்து கீழ்வரை வெள்ளைத் துணியால் சுற்றிக் கயிறு கட்டியிருந்தாள்.

“நீங்கள் இல்லாத நேரம் ஹீற்றரை நிப்பாட்டிப்போட்டுத்தானே போவியள். அதுதான் சுத்திவிட்டன். நான் வந்துதான் கழட்டுவன். நீங்கள் கையே வைக்கக் கூடாது.”

“நான் ஏன் கை வைக்கிறன்?”

கார் தெரு முனையில் திரும்பியது. அடுத்த கணம் கமலநாதன் இரண்டு கையும் வைத்தார்.

சட்டியைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு பின் வளவுக்குப் போனார். பின்னேரம்தான், ஆனால் மார்கழி லண்டனில் அது இருட்டு. புல்லெல்லாம் அப்போதே விறைத்து, காலடியில் நறுக்கு நறுக்கென்றது. செடியைப் புல்லின் நடுவில் நிறுத்தினார். கயிற்றை அவிழ்த்தார். துணியை உருவும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எத்தனை கோபம் இருந்தாலும் நேருக்கு நேர் பார்க்கத் தைரியம் வரவில்லை.

“என்னை அங்காலை போகச் சொன்னவை” என்று அதற்குச் சொன்னார். “இப்ப நீ அங்காலை நில்.”

உள்ளே வந்தார். கதிரையை இழுத்து ஹீற்றருக்குப் பக்கத்தில் போட்டார். சாய்ந்தார். செய்தி வாசிக்கிறவரின் முழு முகமும் தெரிந்தது. அப்படியொன்றும் பார்க்கிற மாதிரி முகமில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

காலையில் எழுந்து பின் கதவைத் திறந்தார். வளவெல்லாம் உப்புத் தூவியது போல் வெண்பனி. நடுவிலே செவ்வரத்தை. செவ்வரத்தையா அது? நாலு காய்ந்த தடி. தடியில் சுருண்ட இரண்டு மண்ணிற இலை. தொட்டார். ஒரு தடி மளுக்கென்று முறிந்து கையோடு வந்தது.

செத்துப்போகும் என்றுதான் நினைத்தார். இந்தளவு சாகும் என்று நினைக்கவில்லை. நேற்றுவரை நெஞ்சில் பூவோடு நின்றது. பூ எங்கே? புல்லிலே தேடினார். ஒரு இதழ்கூட இல்லை. பூவையும் பனி தின்றுவிட்டதோ?

‘குளிருக்குச் செத்தது’ என்று சொல்லிவிடலாம் என்பதுதான் முதல் திட்டம். இப்போது யோசித்தால் அது திட்டமாகவே தெரியவில்லை. வீட்டுக்குள் நின்ற செடி குளிருக்கு எப்படிச் செத்தது என்று கேட்பாள். சத்தத்தைக் குறைத்துக் கேட்பாள். “என்ன பூத்தது?” என்று அவள் கேட்டதும் நினைவுக்கு வந்தது. அதை நினைக்க நினைக்க அவருக்குக் கோபம் வந்தது. அவள்மீதல்ல. கிருஷ்ணமூர்த்திமீது. “ஒரு ராத்திரி போதும்” என்று ஒரு மனிதன் சொல்லலாமா? கொஞ்சம் கூட்டிக் குறைத்துச் சொல்லக் கூடாதா?

செத்த செடியைச் சட்டியோடு கொட்டிலுக்குள் ஒளித்தார். வேலைக்குச் சுகமில்லை என்று போன் பண்ணினார். வேறு செவ்வரத்தை தேடிப் புறப்பட்டார். கார் வெம்பிளியில்.

டூட்டிங்கில் ஒரு கடைக்காரர், “செவ்வரத்தையோ? இருக்கு அண்ணை” என்று உள்ளே போய் ஒரு பக்கெற்றைக் கொண்டுவந்தார். செவ்வரத்தைத் தூள். தலைக்குப் பூச.

“எனக்கு உயிரோடை வேணும்!”

“தலைக்கு உயிரோடை எப்பிடியண்ணை பூசுறது?”

கமலநாதன் பக்கெற்றைத் திருப்பி வீசாத குறை. அங்கிருந்து இன்னொரு கடை. பிறகு சட்டன் பக்கம் ஒரு பெரிய செடிக் கடை. அங்கே வாசல் முதல் கடைசிவரை நத்தாருக்கு வந்த கிறிஸ்மஸ் மரம். செவ்வரத்தை என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டதும் கடைப் பெண் வெளியே பனியைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். கேள்வியே தேவையில்லை. கண்ணாடி அறை ஒன்றின் மூலையில், ஹீற்றருக்குப் பக்கத்தில், ஒன்றே ஒன்று நின்றது. அதே உயரம். அதே பச்சை. உச்சியில் இறுக மூடிய ஒரு மொட்டு.

என்ன நிறம் என்று அவர் கேட்கவில்லை. செவ்வரத்தை என்றால் சிவப்பு. பெயரிலேயே இருக்கிறது. கமலநாதன் தமிழை நம்பினார்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஏறியபோது, சாரதி ஆசனத்தில் தவராசா. அவருடைய டிப்போக்காரன். வாய் சும்மா இருக்காத ஆள்.

“அண்ணை! சுகமில்லையெண்டு நிண்டவர் காட்டையே தூக்கிக்கொண்டு வாறியள்!”

“பேசாமல் ஓட்டு.”

“அக்காவுக்கோ?”

“ஓம்.”

“பிறந்தநாளோ?”

“இல்லை.”

“கலியாண நாளோ?”

“இல்லையடா!”

“அப்ப என்ன பிழை விட்டனீங்கள்?”

கமலநாதன் பதில் சொல்லாமல் தள்ளுவண்டி நிறுத்துகிற இடத்தில் செடியை வைத்தார். அடுத்த தரிப்பில் குழந்தை வண்டியோடு ஒரு பெண் ஏறினாள். தவராசா ஒலிபெருக்கியில், செடி கொண்டுவந்தவர் தயவுசெய்து குழந்தைக்கு இடம் விடவும் என்று அறிவித்தான். அதோடு விட்டானா? அந்த மனிதர் மனைவிக்காக இந்தக் குளிரிலும் பூச்செடி கொண்டுபோகிறார், எல்லோரும் கொஞ்சம் ஒதுங்கி உதவி செய்யுங்கள் என்றும் சேர்த்தான். பஸ் முழுவதும் “ஆ...” என்றது. வருஷக்கணக்காக அவரைத் திட்டிய அதே சனம்.

மடியில் செடியோடு உட்கார்ந்திருந்தார். இலைகளுக்கு நடுவில் அவருடைய மூக்கு மட்டும் வெளியே. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவி அவருடைய கையைத் தட்டி, தன் கணவர் உயிரோடு இருந்தவரைக்கும் ஒரு பூக்கூட வாங்கித் தந்ததில்லை என்று கண் கலங்கினாள். கமலநாதனுக்குப் பல்லைக் கடிக்க வேண்டும் போலிருந்தது. நான் கொலைகாரன் அம்மா, கையை எடு என்று எந்த மொழியில் சொல்வது?

வீட்டுக்கு வந்து பழைய சட்டியில் புதிய செடியை நட்டார். முன் அறைக் கம்பளம் முழுக்க மண். அதைக் கூட்டினார். ஹீற்றருக்குப் பக்கத்தில் செடியை நிறுத்தி, வெள்ளைத் துணியைச் சுற்றி, கயிறு கட்டினார். அவள் கட்டியது என்ன முடிச்சு என்று தெரியாமல் மூன்று விதமாகக் கட்டி, மூன்றையும் திட்டினார். கடைசியில் தன்னுடைய கதிரையைத் தானே தூக்கிக்கொண்டுபோய்ப் படிக்குக் கீழே சப்பாத்துக்களுக்கு முன்னால் வைத்தார். செடிக்குக் குளிரக் கூடாதென்று ஹீற்றரையும் கூட்டிவிட்டார். அன்றிரவு அவர் விறைக்க விறைக்கப் படிக்குக் கீழே இருந்தார். செடி சுகமாக இருந்தது.

ஞாயிறு மத்தியானம் துசியந்தி வந்தாள். கையில் பலகாரப் பெட்டி. வந்ததும் வராததுமாக முன் அறைக்குள் போனாள்.

“தண்ணி ஊத்தினீங்களோ?”

“ஊத்தினன்.”

“கை வைச்சீங்களோ?”

“சீ! நான் ஏன்?”

துசியந்தி முடிச்சைக் குனிந்து பார்த்தாள். அவிழ்த்தாள். துணியை ஒரு சுற்றுக் கழற்றினாள். நின்றாள். இன்னொரு சுற்று. மூன்றாம் சுற்றில் துணி கீழே விழுந்தது.

மொட்டு விரிந்திருந்தது. இரவெல்லாம் கூட்டிவிட்ட ஹீற்றர் வேலை செய்திருந்தது. கையளவு பூ. மஞ்சள். எலுமிச்சம்பழ மஞ்சள்.

“இதென்னப்பா, மஞ்சளாக் கிடக்கு?” துசியந்தி மிகவும் மெதுவாகக் கேட்டாள்.

கமலநாதன் பஸ்ஸைத் திருப்ப இடமில்லாத சந்துக்குள் விட்டவர் போல் நின்றார். பிறகு ஒரே மிதியாக மிதித்தார்.

“குளிருக்கு நிறம் மாறும். அது உனக்குத் தெரியாதோ? நான் இந்த நாட்டுக்கு வரேக்கை என்ரை தலைமயிர் என்ன நிறம்? கறுப்பு. இப்ப என்ன நிறம்? நீ சொல்லு!”

“வெள்ளை.”

“அப்ப? இது பச்சைச் செடி. இதுக்கு மட்டும் மாறாதோ? கண்ட கண்ட கேள்வி கேக்கிறாய்! மனுசன் ரண்டு நாளாக் காவல் காத்துக் கிடக்கிறன், ஒரு நன்றி இல்லை!”

கோபம் நன்றாகவே வந்தது. பொய்க்குத் துணையாக வருகிற கோபத்துக்குத்தான் சத்தம் அதிகம். துசியந்தி தலையாட்டினாள்.

“ஓமப்பா. மாறும்தான். எத்தினை பேர் மாறிப்போச்சினம்.”

அப்பாடா என்று கமலநாதன் மூச்சு விட்டார். அதே நேரம் வாசல் மணி அடித்தது.

கதவைத் திறந்தால் கிருஷ்ணமூர்த்தி. இரண்டு கையாலும் ஒரு பெரிய சட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். சட்டியில் செவ்வரத்தை. செவ்வரத்தையில் இரண்டு பூ. இரண்டும் சிவப்பு. பளிச்சென்ற சிவப்பு.

“அக்கா, இந்தாங்க உங்க செம்பருத்தி. கார் வந்ததைப் பார்த்தேன். ரெண்டு நாளா என் வைஃப் லலிதா இதுகிட்டயேதான் பேசிட்டிருந்தா. எங்கிட்ட பேசவே இல்ல.”

கமலநாதன் சிவப்பைப் பார்த்தார். மஞ்சளைப் பார்த்தார். பின் வளவுப் பக்கம் பார்த்தார்.

“அப்ப அது?”

“எதப்பா?” என்றாள் துசியந்தி.

“பின் வளவிலை...”

“பின் வளவிலை என்னப்பா?”

வாயை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். கேட்டால் அகப்படுவார். கேட்காவிட்டால் வெடித்துவிடுவார். வெடித்தார்.

“நான் வெளியிலை வைச்ச செடி எது? அது ஆரின்ரை செடி?”

“றஜீனாவின்ரை செடி. போன வருஷமே செத்துப்போச்சு. சட்டி நல்ல சட்டியெண்டு வாங்கிக்கொண்டு வந்தனான். நீங்கள் வெள்ளிக்கிழமை ஷிப்டிலை நிக்கேக்கை இதை அங்காலை குடுத்திட்டு, அதைச் சுத்தி வைச்சன். செத்ததையே திருப்பிச் சாக்காட்டின மனுசன் இந்த லண்டனிலை நீங்கள் ஒராள்தான்.”

“உனக்கு எப்பிடித் தெரியும்? ஆர் சொன்னது? இவரோ?” என்று கிருஷ்ணமூர்த்திமீது பாய்ந்தார். “கிருஷ்ணமூர்த்தி, நீங்கள் மனுசனோ? நான் உங்களை நம்பியெல்லோ கேட்டனான்!”

கிருஷ்ணமூர்த்தி சட்டியைக் கேடயம் மாதிரிப் பிடித்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போனார். “சார், நான் எதுவுமே சொல்லல. நீங்க கேட்ட கேள்விக்கு பதில் சொன்னேன். அக்கா கேட்ட உதவிய செஞ்சேன். அந்த நல்ல மனுசன் நீங்கதான்னு எனக்கு இப்பதான் சார் தெரியும்.”

“அவரை ஏன் பேசுறியள்?” என்றாள் துசியந்தி. “ஆரும் சொல்லத் தேவையில்லை. காரைக் கொண்டு போ எண்டியள். தேத்தண்ணி போட்டியள். தயிர்ப்பெட்டி விழுந்த கதைக்கு ‘பேந்து?’ எண்டு கேட்டியள். இருபத்தாறு வருஷத்திலை என்னோடை இப்பிடிக் கதைக்காத மனுசன் கதைச்சா, எனக்கு விளங்காதோ, வீட்டிலை ஒரு உயிருக்கு ஆபத்தெண்டு?”

கமலநாதனுக்குக் காது சிவந்தது. இரண்டு பூவையும்விடச் சிவப்பு. கத்த வேண்டும் போலிருந்தது. யாரைத் திட்டுவது? செத்த செடியையா? தமிழையா? கிருஷ்ணமூர்த்தி சட்டியைக் கீழே வைத்துவிட்டு, வீட்டில் ஏதோ மீட்டிங் இருக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமையும் பாராமல் ஓடிவிட்டார்.

துசியந்தி மஞ்சள் பூவுக்கு முன்னால் போய் நின்றாள். விரலால் இதழை மெல்லத் தொட்டாள். அவளுடைய முகத்தைப் பார்த்த கமலநாதனுக்குக் கோபத்தின் நடுவில் ஏதோ வழுக்கியது. வேலையால் வருகிற துசியந்தியின் முகம் அவருக்குத் தெரியும். இது அதில்லை.

“எங்கை எடுத்தனீங்கள் இதை? நான் எத்தினை கடை ஏறி இறங்கினனான். மஞ்சள் ஒருத்தரிட்டையும் இல்லையெண்டவை.”

“சட்டன் பக்கம்” என்றார். கோபமாகத்தான் சொன்னார். “பஸ்ஸிலை. மடியிலை வைச்சுக்கொண்டு. ஊரெல்லாம் பார்த்துச் சிரிக்க.”

“மடியிலையோ?”

“வேறை எங்கை வைக்கிறது? தலையிலையோ?”

துசியந்தி போனை எடுத்து வெம்பிளிக்கு அடித்தாள். “றஜீனா, இஞ்சை வந்து பாரடி. மஞ்சள் செவ்வரத்தை! இவர் வாங்கிக்கொண்டு வந்தவர். ஓம், தானாத்தான். ஓம், பஸ்ஸிலை, மடியிலை வைச்சு.” அந்தப் பக்கம் றஜீனா தன் கணவனைக் கூப்பிட்டு ஏசத் தொடங்கியது கமலநாதனுக்கே கேட்டது. மறுத்து ஒரு சொல் சொல்ல வழியில்லை. மறுத்தால் கொலையைச் சொல்ல வேண்டும்.

அவள் போனை வைத்துவிட்டு இரண்டு செடியையும் ஜன்னலோரம் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாள். தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள். இடது பக்கம் சிவப்பு. வலது பக்கம் மஞ்சள். நடுவில் ஒரு சட்டிக்கு இடம் மிஞ்சியிருந்தது.

“இஞ்சருங்கோ” என்றாள். “வாற மாசம் நான் ரொறன்ரோவுக்கு அண்ணை வீட்டை போறன். இந்த முறை வெள்ளையாப் பாத்துக் கொல்லுங்கோ.”